அரைக் கண்ணால் என்ன பயன்? பரிணாமமும் அறிவார்ந்த வடிவமைப்பும்

உயிர்களை உற்றுப் பார்த்தால் யாரோ யோசித்துச் செய்தது போலத்தான் இருக்கிறது. இறக்கை பறப்பதற்கென்றே அமைந்தது போல, கண் பார்ப்பதற்கென்றே அமைந்தது போல. பரிணாமத்தை ஏற்கும் உயிரியலாளர்களும் இதை மறுப்பதில்லை. சண்டை அடுத்த படியில்தான் தொடங்குகிறது. இந்தப் பொருத்தம் எப்படி வந்தது? திட்டம் போடும் ஒரு மனம் இல்லாமல் இப்படி அமையுமா, அமையாதா?

அமையாது என்று அழகாக வாதிட்டவர் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஆண்டு 1802. வெட்டவெளியில் நடக்கும்போது காலில் ஒரு கல் தட்டினால் அது எப்படி அங்கே வந்தது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. கிடப்பது ஒரு கடிகாரமாக இருந்தால்? உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வி, எல்லாம் சேர்ந்து நேரம் காட்டுகின்றன. இதைச் செய்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். கண்ணோ கடிகாரத்தைவிட நுட்பமானது. அப்படியானால் அதைச் செய்தவரும் இருந்தாக வேண்டும். பேலியின் வாதம் இவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த சார்லஸ் டார்வின் பேலியை விரும்பிப் படித்தவர். அதே கேள்விக்கு வேறு விடையை அவர் 1859-இல் அச்சில் கொண்டுவந்தார்.

டார்வினின் விடையைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் போதும். ஓர் இனத்தில் பிறப்பவை எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில் பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகின்றன. அப்புறம், பிறக்கும் எல்லாமும் பிழைத்துப் பிள்ளை பெறுவதில்லை. இந்த மூன்றும் உண்மையானால், பிழைக்க உதவும் வேறுபாடு தலைமுறைக்குத் தலைமுறை பெருகும். இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு. தேர்ந்தெடுக்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இது நடப்பதைக் கண்ணாலேயே பார்த்தவர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியர். கலாபகஸ் தீவுக் கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் 1973 முதல் குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, வளையம் மாட்டி விட்டு வந்தார்கள். 1977-இல் கடும் வறட்சி. சின்ன, மெல்லிய விதைகள் தீர்ந்துபோய், பெரிய கடினமான விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன; அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் பெரிதானது. சில ஆண்டுகள் கழித்துப் பெருமழை பெய்து சின்ன விதைகள் குவிந்தபோது காற்று எதிர்ப்பக்கம் வீசியது. சின்ன அலகுக்கு ஆதாயம். ‘முன்னேற்றம்’ என்று ஒரு திசை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தந்த நேரத்துக்கு எது ஒத்துவருகிறதோ அது தங்குகிறது.

இங்கே பெரும்பாலானோர் ஓர் இடத்தில் வழுக்குகிறார்கள். “தற்செயலாக இவ்வளவு சிக்கலான உடல் வந்துவிடுமா?” என்று கேட்பார்கள். வராது, வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. மரபணுவில் மாற்றம் விழுவதுதான் தற்செயல். எந்த மாற்றம் தங்கும் என்பது தற்செயல் அல்ல. பத்து இலக்கப் பூட்டு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பத்து எண்ணும் ஒரே நேரத்தில் சரியாக விழ வேண்டுமென்றால் ஆயிரம் கோடி வாய்ப்புகளைச் சோதிக்க வேண்டியிருக்கும். சரியான எண் விழும்போதெல்லாம் அந்த வளையம் ‘டக்’கென்று நின்றுகொள்ளுமானால், அதிகபட்சம் நூறு முயற்சியில் பூட்டு திறந்துவிடும். பூட்டுக்கு முன்கூட்டியே ஒரு விடை உண்டு, இயற்கைக்கு அப்படி இலக்கு எதுவும் கிடையாது. அந்த அளவில் என் உவமை நொண்டுகிறது. கிடைத்த சிறு ஆதாயம் தொலையாமல் சேர்ந்துகொண்டே போனால் கணக்கு எப்படித் தலைகீழாகிறது என்பதைக் காட்ட அது போதும்.

சரி, ஆனால் அரைக் கண்ணால் என்ன பயன்? முழுசாக இருந்தால்தானே பார்க்க முடியும்? பரிணாமத்தை எதிர்ப்பவர்களின் மிகப் பழைய கேள்வி இது. இதற்கான விடை உயிரோடு இருக்கும் விலங்குகளிலேயே கிடக்கிறது. சில உயிர்களுக்கு வெறும் ஒளியுணரும் திட்டு மட்டும் உண்டு. வெளிச்சமா இருட்டா என்று தெரியும், அவ்வளவே. தட்டைப்புழுவான பிளனேரியாவுக்கு அந்தத் திட்டு கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது; வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரியும். நாட்டிலஸ் என்ற கடல் உயிருக்குக் கிண்ணத்தின் வாய் சுருங்கி ஊசித்துளையாகியிருக்கிறது. லென்ஸ் இல்லாமலே மங்கலான உருவம் விழும். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதைவிட மேல். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அதுதான். கண்ணே இல்லாத கூட்டத்தில், மேலே வரும் நிழலை உணர்ந்து ஒதுங்கத் தெரிந்தது பிழைத்துக்கொள்ளும். 1994-இல் நீல்சன், பெல்ஜர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். தட்டையான திட்டிலிருந்து மீனின் கண் போன்ற லென்ஸ் கண் வர, மிக மெதுவாகப் போனாலும், நான்கு லட்சம் தலைமுறைக்குள் போதும் என்று வந்தது. பூமியில் உயிரின் வயதோடு ஒப்பிட்டால் இது கண்ணிமைக்கும் நேரம்.

எலிப்பொறி வாதம்

இதற்கெல்லாம் பிறகும் வடிவமைப்பு வாதம் அடங்கவில்லை, களத்தை மாற்றிக்கொண்டது. 1990-களில் அமெரிக்காவில் ‘இன்டெலிஜென்ட் டிசைன்’ என்ற பெயரில் அது மறுபடி எழுந்தது. தமிழில் அறிவார்ந்த வடிவமைப்பு எனலாம். பூமிக்கு ஆறாயிரம் ஆண்டுதான் வயது என்பவர்களோடு இவர்களை ஒன்றாகக் கட்டிவிடுவது நியாயமல்ல. இதன் முக்கியக் குரலான உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி பூமி மிகப் பழையது என்பதை ஏற்பவர். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொது மூதாதை உண்டு என்பதைக்கூட ஏற்பவர்.

பீஹி 1996-இல் சொன்னது இது. எலிப்பொறியில் பலகை, வில், சுத்தியல், கொக்கி என்று சில பாகங்கள். ஒன்றைக் கழற்றினாலும் எலி மாட்டாது. பாதிப் பொறி பாதி எலியைப் பிடிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் பயன் தந்து, இப்படியொரு பொறி வந்திருக்க முடியாது. செல்லுக்குள்ளும் இத்தகைய பொறிகள் இருக்கின்றன என்றார் அவர். பாக்டீரியாவின் கசையிழை அவருடைய பிரியமான உதாரணம். அது நிஜமாகவே மோட்டார் போலச் சுழலும் வால். ஏறத்தாழ 40 வகைப் புரதங்களால் ஆனது. குறைக்க இயலாத சிக்கல் என்று இதற்குப் பெயர் வைத்தார். வாதத்தின் வலுவான வடிவம் இதுதான். முதலில் கேட்கும் எவரும் ஒரு கணம் தயங்குவார்கள், தயங்குவதில் தப்பில்லை.

ஓட்டை எங்கே? ‘இன்று ஒரு பாகத்தை எடுத்தால் வேலை நின்றுவிடும்’ என்பதிலிருந்து ‘அன்றும் அது இல்லாமல் முடிந்திருக்காது’ என்று தாவுவதில்தான். கல் வளைவு கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்த வளைவில் ஒரு கல்லை உருவினால் எல்லாம் சரியும். கட்டும்போதோ அடியில் சாரம் இருந்தது. வேலை முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். சாரத்தைப் பார்க்காதவருக்கு எல்லாக் கல்லும் ஒரே நொடியில் அந்தரத்தில் வந்து நின்றது போலத்தான் தோன்றும். உயிர்களிலும் இது நடக்கும். புதிதாகச் சேரும் பாகம் முதலில் வெறும் வசதி. மற்றவை அதற்கேற்ப மாறியபின் அது இல்லாமல் முடியாது என்றாகிவிடுகிறது. மரபியலாளர் ஹெர்மன் முல்லர் இதை 1918-லேயே எழுதியிருக்கிறார். பீஹி பரிணாமத்துக்கு எதிரான சான்றாகக் காட்டியதை, பரிணாமம் நடந்தால் வரவேண்டிய விளைவு என்று முல்லர் முக்கால் நூற்றாண்டுக்கும் முன்பே சொல்லிவிட்டார்!

இன்னொரு வழி, வேலை மாறுவது. எலிப்பொறியின் கொக்கியை எடுத்துவிட்டால் எலி மாட்டாது, ஆனால் கழுத்துப் பட்டையைக் கவ்வி நிறுத்தும் கிளிப்பாக அது உதவும் என்று கென்னத் மில்லர் என்ற உயிரியலாளர் மேடையில் அதை மாட்டிக்கொண்டே காட்டுவார். விளையாட்டு போலத் தெரிந்தாலும் விஷயம் உண்டு. பிளேக் கிருமியிடம் நம் செல்களுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசி போன்ற ஒரு கருவி இருக்கிறது. கசையிழையின் அடிப்பகுதியில் உள்ள புரதங்களில் பலவும் இந்த ஊசியில் உள்ளவையும் நெருங்கிய உறவு. ஊசியிலிருந்துதான் வால் வந்தது என்பதல்ல இங்கே வாதம். பாதிப் பாகங்கள் இருந்தால் வேறொரு வேலைக்குப் பயன்படும் என்பது மட்டுமே. பீஹியின் இன்னொரு உதாரணம் இரத்தம் உறைதல். அதில் வரிசையாகச் செயல்படும் காரணிகளில் பன்னிரண்டாம் காரணி டால்பினிடம் இல்லை. டால்பினுக்கும் இரத்தம் உறையத்தான் செய்கிறது.

‘இதெல்லாம் பழங்கதை, புதிதாக ஒரு திறன் உருவாவதை யாராவது பார்த்தீர்களா’ என்று கேட்பவர்களுக்கு ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளரின் குடுவைகளைக் காட்டலாம். 1988-இல் ஈ. கோலை பாக்டீரியாவைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். அந்தக் கரைசலில் சிட்ரேட் என்ற வேதிப்பொருள் நிறைய இருந்தது. ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஈ. கோலையால் அதை உண்ண முடியாது. சுமார் 31,500 தலைமுறை கழித்து ஒரே ஒரு குடுவையில் உண்ணத் தொடங்கின. நல்லவேளையாகப் பழைய தலைமுறைகளை உறையவைத்து வைத்திருந்தார்கள். அவற்றை எழுப்பி மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, முன்பே விழுந்திருந்த சில மாற்றங்கள் இருந்த வம்சத்தில்தான் இது திரும்ப நடந்தது. வடிவமைப்புத் தரப்பு இதற்கும் பதில் வைத்திருக்கிறது: உள்ளே கடத்தும் மரபணு ஏற்கெனவே இருந்தது, ஆக்சிஜன் இருக்கும்போதும் அது இயங்கும்படி இடம் மாறிப் பதிவானது மட்டுமே புதிது என்பார்கள். அது உண்மைதான். பரிணாமம் வேலை செய்யும் விதமே அதுதான் என்பதும் உண்மை: கையில் இருப்பதை எடுத்து, படியெடுத்து, வேறு இடத்தில் ஒட்டுவது.

தோற்க முடியுமா?

இந்த விவாதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேள்வியே முக்கியம் என்று படுகிறது. கசையிழை, இரத்தம், கண் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொள்வதைவிட, இரு தரப்பையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: என்ன கிடைத்தால் நீங்கள் தோற்றதாக ஒப்புக்கொள்வீர்கள்?

பரிணாமம் பலமுறை கழுத்தை நீட்டியிருக்கிறது. மீன்கள் மட்டும் இருந்த காலமும் கால் முளைத்த விலங்குகள் வந்துவிட்ட காலமும் பாறை அடுக்குகளிலிருந்து தெரியும். இடைப்பட்ட உயிர் இருந்தது என்றால், இடைப்பட்ட வயதுள்ள, ஆழமில்லாத நன்னீரில் படிந்த பாறையில் அதன் எச்சம் கிடைக்க வேண்டும். தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினும் கூட்டாளிகளும் வரைபடத்தைப் பார்த்து, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவைத் தேர்ந்தெடுத்துப் போனார்கள். சில பயணங்கள் வெறுங்கையோடு திரும்பின. 2004-இல் கிடைத்தது டிக்டாலிக். 37.5 கோடி ஆண்டு பழையது. செதிலும் துடுப்பும் மீனுடையவை. தட்டைத் தலையும் அசையும் கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் மீனுடையவை அல்ல. கதை இதோடு சுபமாக முடியவில்லை. 2010-இல் போலந்தில் இதைவிடப் பழைய பாறையில் நான்குகால் விலங்கின் தடங்கள் என்று கருதப்படுபவை வெளியாயின. அவை சரியென்றால் டிக்டாலிக் நம் நேரடி மூதாதை அல்ல, மூதாதையின் பின்தங்கிய உறவினர். தேதியைத் திருத்த வேண்டிவரும். அப்படித் திருத்த முடிவதை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை.

மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களின் கதை இன்னும் சுத்தமானது. மனிதனுக்கு 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் 24. பொது மூதாதை உண்டு என்றால் நமக்கு ஒரு ஜோடி எங்கே போனது? முழுக் குரோமோசோமே தொலைந்தால் உயிர் தங்காது. ஆகவே இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். குரோமோசோமின் நுனிகளில் டீலோமியர் என்று ஒரு முத்திரை வரிசை உண்டு. இரண்டு நுனிகள் ஒட்டியிருந்தால், நுனியில் இருக்க வேண்டிய அந்த வரிசை நடுவே கிடக்க வேண்டும். தேடினார்கள். நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில், ஒன்றையொன்று பார்த்தபடி ஒட்டிய இரு நுனிகளின் எச்சம் இருப்பது 1991-இல் வெளியானது. சென்ட்ரோமியர் என்ற இடுப்புப் பகுதியும் ஒன்றுக்கு இரண்டாக, இரண்டாவது செயலிழந்து, அங்கே கிடக்கிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று வந்திருந்தால் பொது மூதாதை என்ற கருத்துக்குப் பெரிய அடி விழுந்திருக்கும்.

இப்போது மறுபக்கம். உடலில் கோணல்மாணலான அமைப்புகள் நிறைய. மூளையிலிருந்து குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு நேராகப் போகாமல் நெஞ்சுவரை இறங்கி, இதயத்தருகே பெருந்தமனியைச் சுற்றி, மறுபடி மேலேறுகிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் இதே வழிதான். சில அங்குலத்தில் முடிய வேண்டியது கழுத்து நீளம் இறங்கி ஏறுகிறது. கழுத்தே இல்லாத மீனில் இது நேர் வழி. கழுத்து நீள நீள நரம்பு மாட்டிக்கொண்டது. வைட்டமின் சி இன்னொன்று. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தாமே தயாரிக்கின்றன. நம்மிடமும் அதற்கான மரபணு இருக்கிறது, உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே மாதிரி உடைந்திருக்கிறது. கினிப்பன்றியிடமும் உடைந்ததுதான், ஆனால் வேறு மாதிரி. ஒரே வீட்டுப் பழுது ஒரே மாதிரி, வேறு வீட்டுப் பழுது வேறு மாதிரி.

இதற்கு வடிவமைப்புத் தரப்பின் பதில்: குறையுள்ள வடிவமைப்பும் வடிவமைப்புதானே, வடிவமைத்தவரின் நோக்கம் நமக்கு எப்படித் தெரியும்? தர்க்கப்படி இதில் பிழையில்லை. சிக்கலும் அங்கேதான். கண் அற்புதமாக இருந்தால் வடிவமைத்தவரின் திறமை. நரம்பு சுற்றிப் போனால் அவருடைய விருப்பம். எது கிடைத்தாலும் பொருந்துகிற விளக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்து எங்கே தோண்டுவது என்று முடிவு செய்ய முடியாது.

அவர்கள் சொல்லும் ஒரு நல்ல எதிர்க்கேள்வியையும் வைத்துவிடுகிறேன். தொல்லியலாளர் ஒரு கல்லைப் பார்த்து, ‘இது தானாக உடைந்ததல்ல, கோடரியாகச் செதுக்கியது’ என்கிறாரே, அது மட்டும் அறிவியலா? அறிவியல்தான். ஆனால் அவருக்குச் செதுக்கியவனைப் பற்றி எவ்வளவோ தெரியும்: கை உண்டு, அறுக்க வேண்டிய தேவை உண்டு, அடித்த சில்லுகள் பக்கத்தில் கிடக்கும். அவரே அப்படிச் செதுக்கியும் பார்க்கலாம். கசையிழையை வடிவமைத்தவர் யார், எப்போது, எந்தக் கருவியால் செய்தார் என்று கேட்டால், அது எங்கள் கேள்வி அல்ல என்று இவர்கள் விலகிக்கொள்கிறார்கள்.

நீதிமன்றம் போன கதை

பேச்சு நீதிமன்றம்வரை போனதற்கு அமெரிக்க அரசியல் சட்டம் காரணம். அங்கே அரசுப் பள்ளி எந்த மதத்தையும் பரப்பக் கூடாது. 1987-இல் உச்ச நீதிமன்றம், பரிணாமம் கற்பித்தால், கடவுளே உயிர்களைப் படைத்தார் என்பதை அறிவியலாகச் சொல்லும் ‘படைப்பு அறிவியலும்’ கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2004-இல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்டச் சொன்னது. பரிணாமம் வெறும் தியரி, அறிவார்ந்த வடிவமைப்பு என்று இன்னொன்று உண்டு, அதற்கு நூலகத்தில் புத்தகம் இருக்கிறது என்பது அதன் சாரம். பேச்சு வழக்கில் தியரி என்றால் அனுமானம். அறிவியலில் கோட்பாடு என்றால் ஏராளமான சான்றுகளைக் கட்டி நிறுத்தும் விளக்கம். கிருமிகளால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். பதினொரு பெற்றோர் வழக்குப் போட்டார்கள்.

விசாரணையில் அந்த நூலகப் புத்தகத்தின் பழைய கைப்பிரதிகள் வெளியே வந்தன. 1987 தீர்ப்புக்கு முன் ‘படைப்புவாதிகள்’ என்றிருந்த இடங்களிலெல்லாம், தீர்ப்புக்குப் பின் ‘வடிவமைப்பு ஆதரவாளர்கள்’ என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் மட்டும் கை தவறி, பழைய சொல்லின் தலையும் வாலும் ஒட்டிக்கொண்டு, நடுவே புதிய சொல் நின்றது. ஆங்கிலத்தில் படித்தால் நாக்கு சுளுக்கும். இடைநிலை உயிர் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சொல்லிலேயே ஓர் இடைநிலை வடிவம் கிடைத்துவிட்டது.

இதிலிருந்து பரிணாமத்தை ஏற்றால் கடவுளை மறுக்க வேண்டும் என்று முடிவுகட்ட வேண்டாம். எலிப்பொறிக் கிளிப் மாட்டிய மில்லர் கத்தோலிக்கர். டோவரில் பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்னவரும் அவரே. போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல் பரிணாமம் வெறும் கருதுகோள் என்பதைத் தாண்டிவிட்டது என்று சொன்னார். உலகம் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குக் குருவியின் அலகை அளந்து விடை காண முடியாது. அதேபோல, முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பதும் தனி ஆராய்ச்சி. அதற்கு இன்னும் தீர்ந்த விடை இல்லை. தோன்றியபின் உயிர்கள் எப்படிக் கிளைத்தன என்பதற்கே பரிணாமக் கோட்பாடு பதில் சொல்கிறது.

டோவர் வழக்கில் 2005 டிசம்பர் 20-இல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்று எழுதினார். குடியரசுக் கட்சிக்காரரான அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி அவர். ஒரு நீதிபதி எழுதியதாலேயே அறிவியல் கேள்வி தீர்ந்துவிடாது என்று வடிவமைப்புத் தரப்பு சொன்னது. அதில் அவர்கள் சொன்னது சரி. தீர்ப்பைவிட அந்தக் கூண்டில் நடந்த ஒரு கேள்வி பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளி வாரியத்தின் சாட்சியாக வந்த பீஹி, தன் வாதம் தோற்க வழி உண்டு என்று முன்பே எழுதியிருந்தார். கசையிழை இல்லாத பாக்டீரியாவை எடுத்து, நகர்ந்தால்தான் பிழைக்கலாம் என்ற நெருக்கடியில் பத்தாயிரம் தலைமுறை வளர்க்க வேண்டும். கசையிழையோ அதற்கு நிகரான சிக்கலுள்ள ஒன்றோ உருவானால் தன் வாதம் பொய் என்று ஆகிவிடும் என்பது அவர் வைத்த சோதனை. அந்தப் பாக்டீரியாவுக்குப் பத்தாயிரம் தலைமுறை என்பது சில ஆண்டுகள்தான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே திருப்பிக் கேட்டார்: அந்தச் சோதனையை நீங்கள் செய்து பார்த்தீர்களா? செய்யவில்லை என்றார் பீஹி.